கோட்டுக்குள் ஒளித்த கடைசித் தட்டு

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஆமை முட்டையிடுவதைப் படம் எடுத்த முதல் மனிதன் என்று பெயர் வாங்குவது. வாங்கிவிட்டுத்தான் மறுவேலை. இப்படியொரு தீர்மானத்தோடு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சத்தியநேசன், அதாவது நான், விடிவதற்கு முன்பே இராஜாக்கமங்கலம் கடற்கரையில் கேமராவோடு கறுப்புத் துணிக்குள் புகுந்துகொண்டேன்.

கேமரா கொழும்பிலிருந்து மைத்துனன் அனுப்பியது. தட்டுக்கு ஒரு படம் என்று கூட வந்த கண்ணாடித் தட்டுகளில் அலை, நண்டு, கொக்கு, என் கட்டைவிரல் எல்லாம் பதிந்து வீணாய்ப் போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுக்கவேண்டும் என்று என் மனைவி ஜெயபாய் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "தட்டு தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, அதை என் கல்யாணக் கோட்டின் மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் கோட்டை யார் தொடப்போகிறார்கள்? முந்தின நாள் இருட்டியதும்தான் தட்டை எடுத்துக் கேமராவுக்குள் போட்டேன்.

ஆமை ஏறும் இடத்தைக் காட்டியது பக்கத்து வீட்டு ஞானையன். ஒப்பந்தம் சுலபம்: படம் எனக்கு, முட்டை அவனுக்கு.

ஆமை வந்தது. பின்கால்களால் மணலை அள்ளி அள்ளிக் குழி பறித்தது. பெற்ற தாய் தொட்டில் கட்டுகிற கவனம் அதில் இருந்தது. வெள்ளை வெள்ளையாய் முட்டைகள் விழுந்தன. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்கு மூச்சே நின்றுபோயிற்று. உலகம் உண்டான நாளிலிருந்து யாரும் கூப்பிடாமலே நடக்கிற காரியம் என் முன்னால் நடக்கிறது! என் கண்ணிலும் நீர் வழிந்தது. வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

"பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கா, பாவம்."

துணியிலிருந்து தலையை நீட்டினேன். ஜெயபாய்!

"ஏட்டி, நீ எப்பம் வந்தே?"

"ஒங்க பொறத்தாலதான். முட்டைய ஞானையண்ணன் தோண்டிட்டுப் போவாராமே?"

"வாக்கு குடுத்துட்டேன்."

"நல்ல வாக்கு! பிள்ளையளையெல்லாம் வறுத்துத் தின்னாச்சுன்னா, பொறவு இந்தக் கரைக்கு வாறதுக்கு யாரு இருப்பா? வெறுங்கடலத்தான் படம் எடுக்கணும்."

தூரத்தில் ஞானையன் ஓலைப்பெட்டியோடு வந்துகொண்டிருந்தான். கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது?

"ஏட்டி, நீயே ஏதாவது வழி சொல்லு!"

"சொல்லுதேன். அந்தத் தட்டு எனக்கு."

"எந்தத் தட்டு?"

"கேமராக்குள்ள இருக்கது."

வெளிச்சம் வந்துவிட்டது. ஆமை குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியது. இப்போது ரப்பர் பந்தை அமுக்கினால் சமஸ்தானம் முழுக்க என் பெயர்! அமுக்கவில்லை.

"எடுத்துக்கோ" என்றேன். ஒரு அலை வந்து ஆமையைக் கூட்டிக்கொண்டு போயிற்று.

ஜெயபாய் குழியின்மேல் ஒரு கம்பை நட்டு, குருத்தோலையைக் கட்டினாள். "கோயிலுக்கு நேந்தாச்சு."

எங்கள் சபையில் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, நேர்ந்த கோழியை நரிகூடத் தொடாது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம்.

"அறுப்புப் பண்டிகையில நேந்ததையெல்லாம் ஏலம் விட்டிருவாவளே?"

"முட்டைய யாரு நேந்தா? குஞ்சையாக்கும் நேந்தேன். பொரிஞ்சு கடலுக்குப் போகட்டும். ஏலம் எடுக்கவன் நீந்திப் போயிப் பிடிக்கட்டும்!"

ஞானையன் வந்துசேர்ந்தான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"ஞானையா, முட்டை கோயிலுக்கு!"

"தெரியும் சாரே. முந்தாநாளு ஜெபக்கூட்டத்துலயே தங்கச்சி நேந்துட்டாளே. பொறவு நான் தொடுவனா?"

முந்தாநாளா! அப்படியானால் நான் இப்போது எதற்காகத் தட்டைக் கொடுத்தேன்?

"பின்னே பெட்டி எதுக்குவே?"

அவன் மூடியைத் திறந்தான். மேலே ஜெயபாயின் கல்யாணப் பட்டு. அதற்கடியில், நன்றாகத் தேய்த்து மடித்த என் கல்யாணக் கோட்டு.

ஜெயபாய் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த மீன்பிடி வள்ளத்துக்குப் பின்னால் உடுத்தப் போனாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். ஞானையன் கேமராவின் ரப்பர் பந்தைக் கையில் எடுத்தான்.

"இதைத்தான சாரே ஞெக்கணும்? தங்கச்சி நேத்தே படிப்பிச்சுத் தந்தா."