தாம்பாளத்தில் பிடித்த சூரியன்

ஜப்பான் முழுக்கச் சாம்பல் நிறம் என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். இதை வெளியே சொல்ல இத்தனை காலம் கூச்சமாக இருந்தது.

அறுபதுகளின் நடுவில், சென்னையில் சிற்பம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் ஜப்பானின் புதுக் கட்டடங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். பூசாத கான்கிரீட் சுவர், அதில் ஒரே ஒரு கீறல், கீறல் வழியாக உள்ளே விழும் வெயில். கிறங்கிப்போனேன். படங்கள் கறுப்பு வெள்ளை என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. (எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், அச்சில் வந்ததை அப்படியே நம்புவேன்.)

கடைசி வருஷத்தில் சொந்தமாக ஒரு சிற்பம் செய்து காட்ட வேண்டும். தேறினால் டிராயிங் மாஸ்டர் வேலை. தேறாவிட்டால் செஞ்சியில் நைனாவோடு மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்குக் களை பிடுங்க வேண்டியதுதான்.

சிங்கவரம் போகும் பாதையில் எங்கள் வீடு. லீவுக்கு வந்தவன் பின்பக்கக் களத்தில் வேலையை ஆரம்பித்தேன். மூங்கில் பிளாச்சில் ஆளுயரச் சட்டம், அதன்மேல் மண், மண்மேல் சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் கலந்த பூச்சு (ஜப்பான் நிறம்!). உள்ளே தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய எண்ணெய் டின் தகடுகள், உடைந்த கண்ணாடிச் சில்லுகள், ஒரு பக்கம் முழுக்கப் பட்டம் செய்யும் காகிதத்தில் திரை. கிழக்குச் சுவரில் நீளமாக ஒரு கீறல். காலையில் குன்றைத் தாண்டி வெயில் ஏறியதும் ஒரு கதிர் அதில் நுழையும். தகட்டில் பட்டு, கண்ணாடியில் சிதறி, காகிதத்தில் பரவும். பக்கத்துச் சுவரிலுள்ள துளையில் கண்ணை வைத்துப் பார்த்தால், உள்ளே எல்லாம் எடை இழந்து மிதக்கும். ஜப்பான் கட்டடங்கள் தரையைத் தொடாமல் நிற்பதைப் பார்த்து, நானும் அடித்தளம் போடாமல் நாலு கட்டைமேல் நிறுத்தி அடியில் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தேன். அந்த ஒரு முழம்தான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

நைனா ஒருநாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா சூசை, வாசலக் காணோம்?"

"வாசல் கெடையாது நைனா. வெளிச்சம் மட்டுந்தான் உள்ள போவும்."

"அப்ப ஆளு?"

"ஆளுக்கு இல்ல."

"ஆளுக்கு இல்லாத ஊடு கட்டவாடா மெட்ராஸ் போயி படிச்ச?"

இதைச் சென்னைக்குத் தூக்கிப்போக முடியாது. பக்கத்து மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்க்க வரவிருந்த எங்கள் சிற்ப ஆசிரியர், அதற்கு முந்தின நாள் காலை செஞ்சியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவதாக ஒப்புக்கொண்டார். தேதியைச் சொன்னதும் நைனா, "அன்னிக்காடா? அன்னிக்கு..." என்று இழுத்தார்.

"மல்லாட்ட புடுங்குறதெல்லாம் அப்பறம் வெச்சிக்கலாம் நைனா" என்று வெட்டினேன்.

அந்தக் காலை வந்தது. வெயில் ஏறியது. சிற்பம் ஜொலித்தது. பார்க்கத்தான் ஆளில்லை. கதிர் நகர்ந்து கீறலை விட்டு வெளியேறியபோது, அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மாமா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மச்சான், இன்னிக்கு அமாவாசடா! திண்டிவனம் பஸ்ஸெல்லாம் மலையனூரு கூட்டம். படியில தொங்கினு வரானுங்க. ஒன் வாத்தியாரு எப்டிடா எறங்குவாரு?"

நாங்கள் மாதாகோயிலுக்குப் போகிறவர்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கணக்கு. ஆனாலும் அமாவாசைதோறும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஊர் ஊராகக் கூட்டம் திரளும்; செஞ்சிக்காரன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், பஸ் ஏற அமாவாசை பார்த்தாக வேண்டும். சென்னை வாசத்தில் அது மறந்துவிட்டது.

"அதத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார் நைனா. "நீதான் மல்லாட்ட மேல பாஞ்ச."

பொழுது மேற்கே சாய்ந்த பிறகு ஆசிரியர் வந்தார். ஜிப்பா கசங்கி, நெற்றி நிறையக் குங்குமம், கையில் எலுமிச்சம்பழம். செஞ்சியில் இறங்க வழிவிடாத கூட்டம் அவரை மேல்மலையனூருக்கே கொண்டுபோய், வரிசையில் நிறுத்தி, அங்காளம்மனையும் தரிசிக்க வைத்து அனுப்பியிருக்கிறது.

"எங்கேப்பா சிற்பம்? காட்டு. அடுத்த பஸ்ஸை விட முடியாது."

சிற்பம் நெல் கொட்டும் குதிர் மாதிரி இருண்டு நின்றது. எனக்கு மல்லாட்டைக் கொல்லை கண்ணுக்குத் தெரிந்தது.

"கெழக்கால வெயில் வோணும், அவ்ளோதான?" என்றார் அந்தோணி மாமா. "திருப்பி வுட்டா போச்சு!"

உள்ளே ஓடி, முகம் மழிக்கும் கண்ணாடியோடு வந்தார். அம்மா எவர்சில்வர் தட்டை எடுத்தாள். நைனா கல்யாணப் பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டார். சிற்பத்தின் நிழலைத் தாண்டிக் கிழக்கே மூவரையும் நிறுத்தினேன். ஆசிரியர் துளையில் கண்ணை வைத்தார்.

"நைனா, இன்னும் கொஞ்சம் மேல!"

"இதுக்கு மேலன்னா நான் பறக்கத்தான்டா வோணும்."

"இன்னாங்க, ஒங்க வெளிச்சம் எம் மூஞ்சியில அடிக்குது!" என்றாள் அம்மா.

"ஒம் மூஞ்சிய யாரு குறுக்க வெக்கச் சொன்னது?"

முதலில் மாமாவின் கண்ணாடி கீறலைப் பிடித்தது. அடுத்து அம்மாவின் தட்டு. கடைசியாகத் தாம்பாளத்தின் மஞ்சள் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. ஒற்றைச் சூரியனுக்கு ஒருநாளும் அப்படி ஒளிராத சிற்பம், மூன்று சூரியனுக்கு ஒளிர்ந்தது. காகிதத் திரை பொன்னாக மாறியது.

"ஆஹா!" என்றார் ஆசிரியர்.

"கொக்கரக்கோ!" என்றது சிற்பம்.

எங்கள் வீட்டுச் சேவல். வெயிலுக்கு ஒதுங்கி அந்த ஒரு முழ இடைவெளி வழியாக ஏறி, மூங்கில் சட்டத்தில் இருட்டில் தூங்கியிருக்கிறது. கண்ணைத் திறந்தால் மூன்று சூரியன்! ஆசிரியரின் காதுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். அவர் துள்ளியதில் எலுமிச்சம்பழம் ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். விழாமலிருக்கச் சுவரைப் பிடித்தார். (ஆளுக்கு இல்லை என்று நைனாவிடம் அன்றே சொல்லியிருந்தேன்.) சிற்பம் யோசித்து யோசித்துச் சாய்ந்து, அவரையும் கூட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு சேவல் ஜப்பான் நிறத்தில் வெளியே வந்தது.

அங்கே மூவரும் தட்டை இறக்கவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லையாம்! இடிந்த குவியலுக்கு விடாமல் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

குங்குமமும் சாம்பலுமாக உட்கார்ந்திருந்த ஆசிரியரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விழுந்ததுக்கு மார்க் கிடையாது" என்றார் மூச்சு வாங்க. "ஆனா வெளிச்சம் வந்ததுப்பா. அந்தச் சேவலே பொழுது விடிஞ்சதுன்னு ஒத்துக்கிச்சே, நான் எப்படி இல்லைன்னு சொல்றது? பாஸ்."

"அந்தச் சனியன அடிச்சிக் கொழம்பு வெக்கிறேன், சாப்டுட்டுப் போங்க சார்" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. சாட்சியைச் சாப்பிடக் கூடாது."

மோர் மட்டும் குடித்துவிட்டு பஸ் பிடித்தார்.

எனக்கு டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்தது. பின்னாளில் சென்னையில் என் சிற்பங்களைக் கண்காட்சியாக வைத்தபோது, நைனா சலவை வேட்டியில் வந்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். எல்லோர் காதிலும் விழும்படி என் காதில் ரகசியம் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான்டா இருக்குது. சேவலுக்குக் காட்டினியா?"

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் புதுப் புடவையோ புது வீடோ, எது வந்தாலும் இந்தக் கேள்வி தப்பாது. என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அந்தோணி மாமா வாயைத் திறக்கும் முன்பே நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். மாப்பிள்ளை பாவம், தன் சட்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து, கிளம்பும்வரை பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார்.