அட்டைக்குப் புகை போட்ட துங்கிஷ்பாய்

கசகஸ்தானில், எங்கள் ஷிம்கென்ட் சந்தையில் அன்று சம்சா வாங்க ஆளில்லை. ஊரே துங்கிஷ்பாய் ஐயாவின் கொட்டகை வாசலில் நின்றது, ஆளுக்கொரு வங்கி அட்டையோடு. காலுறை வியாபாரியான நானும் நின்றேன். வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

ஐயா நாற்பத்தொரு அவரைக் கொட்டைகளைப் பரப்பிக் குறி சொல்பவர். எங்கள் பாட்டன் காலத்தில் கொட்டை, தொலைந்த ஆட்டைத் தேடித் தந்தது. இப்போது அது முன்னேறி வங்கிக் கணக்கைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தது.

"ஒங்க முன்னோர் ஆவிங்க பணம் அனுப்பத் தயாரா நிக்குறாங்க. அட்டையிலதான் அடைப்பு!" என்பார். அத்ராஸ்பான் செடியைக் கொளுத்தி அட்டைக்குப் புகை போடுவார். மறுநாள் கணக்கில் பணம் விழும். பத்தில் ஒரு பங்கைச் சுயின்ஷியாக வைத்துக்கொண்டு, மீதியை அவர் சொல்லும் எண்ணுக்குத் தள்ளிவிட வேண்டும். நல்ல சேதி சொன்னவருக்கு எங்கள் ஊரில் கொடுக்கும் வெகுமதிதான் சுயின்ஷி. ஆவியே கொடுக்கிற சுயின்ஷியை எந்தக் கசாக்கியன் வேண்டாம் என்பான்? எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் ஆவி கோபித்துக்கொள்ளுமே!

சம்சா விற்கும் பல்ஸியாவுக்கு மூன்று லட்சம் டெங்கே விழுந்தது. மகளைக் கல்லூரியில் சேர்க்க நாலு வருஷமாகச் சேர்த்த பணமும் அதே கணக்கில்தான் இருந்தது. ஆனந்தக் கண்ணீரோடு மீதியைத் தள்ளப் போனவளின் கையைப் பிடித்தாள், கைபேசி பழுதுபார்க்கும் ஸேய்னெப்.

"அக்கா, நில்லு. ஆவி அனுப்பிச்சதுங்கற, இங்க யாரோ பேரும் நம்பரும் இருக்கே?"

"அது ஆவியோட நம்பரா இருக்கும்டி."

"அப்ப பேசிப் பாத்துருவோம்."

"அடிப்பாவி, ஆவிக்கே போன் போடுறா!" என்று கூட்டம் பதறியது. "அட்டை தீட்டாயிரும்!" என்று ஐயா அலறினார். ஸேய்னெப் ஸ்பீக்கரில் போட்டாள்.

மறுமுனையில் ஆவி இருமியது.

"பெரியவரே, நான் பல்ஸியா," என்று தழுதழுத்தாள் அவள். "நீங்க எங்க கொள்ளுத்தாத்தாவா?"

"என்னம்மா ஒளர்ற? நான் கோஸ்தனாய்ல ரிட்டயரான ரயில் டிரைவர். வங்கியிலருந்து பேசுறேன்னு ஏமாத்தி எவனோ என் ஆபரேஷன் பணத்த ஒனக்கு அனுப்ப வச்சுட்டான். இப்ப போலீஸ் ஸ்டேஷன்லதான் நிக்கிறேன். ஒன் பேரத்தான் எழுதிட்டிருக்காங்க!"

பல்ஸியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் அட்டையைச் சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

ஸேய்னெப் ஐயாவிடம் திரும்பினாள். "ஏன் ஐயா, இந்தப் பணம் ஒரு தடவ ஒங்க அட்டை வழியா போகட்டுமே?"

"என் அட்டையா? அது... அது தாங்காதும்மா!"

சொல்லிக்கொண்டே பின்பக்கமாக ஓடியவரை, மாவு தேய்க்கும் கட்டையோடு சம்சாக்காரிகள் மடக்கினார்கள்.

"அக்கா, ஒத்தக் காசு எங்கயும் தள்ளாத. திருப்பி அனுப்புறேன்னு நீயா கை வைக்காத. மொதல்ல வங்கி, அப்புறம் போலீஸ். நானும் வர்றேன்," என்றாள் ஸேய்னெப்.

பல்ஸியாவின் கணக்கை முடக்கி விசாரித்தார்கள். ரயில்காரருக்கு அவர் பணம் போனது. மூன்று வாரம் கழித்துக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்தாள். ஏற்கெனவே பணத்தைத் தள்ளிவிட்ட பதினோரு பேர் மட்டும் இன்னும் விசாரணை அதிகாரி முன் நிற்கிறார்கள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஆவிதான்..." என்று இழுக்கிறார்கள். அவர் சிரிக்காமல் ஆவியின் முகவரி கேட்கிறார்.

மக்களே, எவனோ ஒருவன் பணத்தை உங்கள் கணக்கு வழியாக அனுப்பச் சொன்னால், "உன் கணக்குக்கு என்ன கேடு?" என்று கேளுங்கள். ஆவி கோபித்தால் கோபிக்கட்டும். அது உங்களுக்குப் பதிலாகச் சிறைக்கு வரப்போவதில்லை.