யாராவது செத்தால்தான் குடிக்கிறேன்

மார்சிலிங், சிங்கப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி சுந்தரேசனுக்கு,

அக்கா ரத்தினம்மா எழுதிக்கொள்வது. நீயும் வைஷாலியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலம் பின்வருமாறு. வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்புவதை உன் மனைவி இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாள் என்று தெரியவந்தது. தாளை அப்படி ஓட்ட முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

என் இடது கால் கட்டைவிரல் புண் இன்னும் ஆறவில்லை. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று பாலிகிளினிக் டாக்டர் நிரஞ்சனா சொல்லிவிட்டார். நம்ம பொண்ணுதான், சின்ன வயசு. "ஆன்ட்டி, சுகர் ரொம்ப ஹையா இருக்கே. ஸ்வீட் டிரிங்க் குடிக்கிறீங்களா?" என்று நிதானமாகக் கேட்டார். "வாங்கிக் குடிக்கிற பழக்கமே கிடையாதும்மா. யாராவது செத்தாதான்" என்றேன். உடனே கணினியில் ஏதோ தட்டிவிட்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்டார்.

கிழமையைச் சரியாகச் சொல்லிவிட்டு விளக்கினேன். எங்களுடையது ஓரறை வாடகை வீடுகள் இருக்கிற அடுக்குமாடி புளோக். எல்லாரும் வயதானவர்கள், முக்கால்வாசிப் பேர் தனிக்கட்டை. ஒருவருக்குக் கீழ்த்தளத்தில் போட்ட சாவுக் கூடாரத்தைப் பிரிப்பதற்குள் அடுத்தவர் போய்விடுகிறார். சீனர் வீட்டுத் துக்கம் மூன்று நாள், ஐந்து நாள் நடக்கும். நாற்காலி நிறையக் கிடக்கும், உட்கார ஆளிருக்காது. அதைப் பார்த்துட்டு மேலே போக மனசு வருமா, நீயே சொல்லு? போய் உட்கார்ந்தா, பாக்கெட்டுல சீனி போட்ட செவ்வந்தி டீயை ரெண்டு கையாலயும் நீட்டுவாங்க. வேண்டாம்னு சொன்னா செத்தவரை மதிக்கலேன்னு ஆயிடும். கிளம்பறப்ப ஒரு மிட்டாய் தருவாங்க, வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே தின்னுடணும், இல்லேன்னா பீடை கூடவே வருமாம். தின்னுடுவேன். மேலே வந்தா நம்ம வழக்கம் நம்மை விடுமா, துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்குக் குளிக்கணுமே. தினம் குளிச்சுக் குளிச்சுப் புண்ணு காயறதே இல்லை. டாக்டர் பொண்ணு நெத்தியில கையை வச்சுக்கிட்டு, "ஆன்ட்டி, உங்க மருந்தெல்லாம் கரெக்ட்தான்லா. உங்க புளோக்தான் பிராப்ளம்"னு சொல்லிடுச்சு.

நடங்கன்னாங்க. நடந்தேன். எந்தப் பக்கம் நடந்தாலும் கூடாரத்தை ஒட்டித்தான் வழி. கீரை சாப்பிடுங்கன்னாங்க. கீழே காப்பிக்கடையில கீரை எண்ணெயில நீச்சல் அடிக்குது. சரின்னு ரயிலேறித் தேக்கா சந்தைக்குப் போய் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா லிஃப்ட் ரிப்பேர். புண்ணுக்காலோட ஆறு மாடி ஏற முடியுமா? லிஃப்ட் சரியாகிற வரைக்கும் உட்காரலாம்னா, புளோக்குல நாற்காலி இருக்கிற ஒரே இடம் கூடாரம். உட்கார்ந்தேன். டீயை நீட்டிட்டாங்க.

ஆகவே தம்பி, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ரக்ஷனா கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அறை காலியாகக் கிடக்கிறது, வந்துவிடு அக்கா என்று நீயும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். வருகிறேன். எனக்கு விரல் வேணும்டா, பயமா இருக்கு. சனிக்கிழமை காலை வேனோடு வா. சாமான் அதிகமில்லை. சுவா சூ காங்கில் உங்கள் புளோக்கில் எல்லாரும் சின்ன வயதுக்காரர்கள், ஒருத்தரும் இப்போதைக்குச் சாகிற மாதிரி தெரியவில்லை. என் உடம்புக்கு அதுதான் தோதான இடம்.

உனக்கும் வைஷாலிக்கும் சர்க்கரை அண்டாத நீண்ட ஆயுள் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
அக்கா ரத்தினம்மா.

பின்குறிப்பு: வேன் வேண்டாம். இந்தத் தாளை மடிக்கிற நேரத்தில் மூன்றாம் மாடிச் சீனக் கிழவர் டான் கூப்பிட்டனுப்பினார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், இனி எழுந்திருக்க மாட்டார், அது அவருக்கே தெரியும். பிள்ளைகுட்டி கிடையாது. அதனால் கூடாரக்காரரை வரவழைத்துத் தன் துக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே பேசி முடித்துவிட்டாராம். "உனக்குச் சீனி ஆகாதாமே. உனக்காக சீனி போடாத டீ ஒரு பெட்டி சொல்லி வச்சிருக்கேன். வந்துடு" என்று மலாயில் சொன்னார். மற்றவர்களுக்கு என்ன டீ என்று கேட்டேன். அந்த ஒரு பெட்டிதான் சொல்லியிருக்கிறாராம்.