கதிரை சுற்றியது குறித்துப் பெரியத்தானுக்கு விளக்கம்

லாச்சப்பல், பாரிஸ்
17.11.2013

மதிப்புக்குரிய பெரியத்தானுக்கு,

தம்பி பெண்சாதி புஸ்பராணி எழுதுவது. முதலில் "நாங்கள் நலம்" என்று எழுதவேண்டும். உங்கள் தம்பி போய் ஏழு மாதம், அந்த வரிக்குக் கை வருகுதில்லை. நீங்கள் நலமாயிருக்கவேண்டும் என்ற மற்றப் பாதியை மட்டும் எழுதி, நல்லூரானைக் கும்பிட்டுக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன். டெலிபோனில் நீங்கள் ஏசுகிற நேரம் போக எனக்குப் பேச நேரம் மிஞ்சுவதில்லை, ஆனபடியால் கடிதம்.

எனக்கு விசர் இல்லை. ஆவியும் பிடிக்கவில்லை. உங்கள் தம்பியின் குளிர்த்தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய சுழல்கதிரையில் நான் சுற்றியது மட்டும் உண்மை. சுற்றவைத்தது உங்கள் பெறாமகள் லக்சிகா. ஒபீஸ் வேலையோடு சேர்த்து அவள் அமெரிக்காக்காரன் கொடுக்கிற ஏதோ பத்திரத்துக்குப் படிக்கிறாள். பைலட்டுக்கோ என்று கேட்டேன்.

"பைலட் இல்லையம்மா. பைலட்மாருக்குப் படிப்பிக்கிற ஆள். முகிலுக்குள்ளை வெளியிலை ஒண்டும் தெரியாமல் போகேக்கை, முன்னாலை இருக்கிற மணிக்கூடுகளை மட்டும் பாத்து எப்பிடி ஓட்டுறதெண்டு."

"உனக்கு ஓட்டத் தெரியுமோ?"

"தேவையில்லை. நான் நிலத்திலை நிண்டுதான் படிப்பிக்கிறது."

பெரியத்தான், சமைக்கத் தெரியாதவர்கள் சாப்பாட்டுக்குக் குறை சொல்லக் கண்டிருக்கிறேன், சமையல்காரனுக்குப் படிப்பிக்கக் கண்டதில்லை. உங்கள் தம்பி இருபது வருசம் ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றவர், அவரும் கண்டிருக்கமாட்டார். சோதினை இரண்டாம். ஒன்று முகிலுக்குள் ஓட்டுவது பற்றி, மற்றது படிப்பிக்கிற முறை பற்றி. தை மாதம் வருகுதாம். படிப்பித்துப் பழக ஒரு ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்தாள். ஏன் நான் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு விளங்கினால் உலகத்திலை ஆருக்கும் விளங்கும்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது மரியாதையோ நக்கலோ தெரியவில்லை.

அவருடைய அந்தியேட்டிச் சடங்குக்கு வாங்கி மிஞ்சிய கடதாசிப் பிளேட்டுகளில் ஆறை எடுத்து, நம்பர் எழுதி, முள்ளுக் கீறி, மணிக்கூடுகள் என்று சுவரில் ஒட்டினாள். ஒன்று உயரத்துக்கு, ஒன்று வேகத்துக்கு, ஒன்று பிளேன் சரிந்ததோ நேரோ என்று பார்க்க, மற்றதுகள் மறந்துபோச்சு. ஆறாவதுக்கு இடம் காணாமல் அவருடைய படத்து ஆணியில் மாலையோடு சேர்த்துத் தொங்கவிட்டாள். பிறகு அந்தக் கதிரையை இழுத்தாள். ஆரோ தெருவில் வைத்துவிட்டுப் போன கதிரையை அவர் நாலு மாடி தோளில் ஏற்றிக் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். அவர் போன நாள் தொட்டு அதில் ஒருவரையும் இருக்கவிட்டதில்லை, அந்தியேட்டிக்கு வந்த ஐயரைக்கூட எழுப்பிவிட்டேன். அதில் என்னை இருத்தி, பழகுகிறவர்கள் வெளியே பாராதபடி நெற்றியில் மறைப்புப் போடுவார்கள் என்று அவருடைய தொப்பியை என் தலையில் மாட்டி, கண்ணை மூடச் சொல்லிச் சுற்றினாள்.

"எந்தப் பக்கம் சுத்துறீங்கள்?"

"சோத்துக்கைப் பக்கம்."

"இப்ப?"

"பீச்சங்கைப் பக்கம்."

"கதிரை நிண்டிட்டுது அம்மா. பாத்தியளே, முகிலுக்குள்ளை உடம்பு பொய் சொல்லும். உடம்பைக் கேளாதேங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ."

அதோடு விட்டாளா? அடுத்த பாடம், இறங்கிற இடத்தில் மூடுபனி, கீழே உள்ளவர்கள் கூப்பிடும்வரை பிளேன் மேலே வட்டமடித்து நிற்கவேண்டும். நானும் தொப்பியோடு கதிரையில் வட்டமடித்து வட்டமடித்துத் தலை கிறுகிறுத்து, படத்து மணிக்கூட்டைப் பார்த்து, "என்னை எப்ப இறக்கிவிடுவியள்?" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து, கீழ்வீட்டு மன்னார்ச் சிசிலியா அக்கா சொதிச் சட்டியோடு கதவைத் திறந்தா. "மாதாவே, மகேந்திரண்ணை வந்திட்டார்!" என்று சிலுவை போடக் கையெடுத்தா, சொதி கம்பளத்தில். மத்தியானத்துக்குள் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெரு மரக்கறிக் கடைக்கும், பின்னேரம் பாரிசுக்கு வெளியே சார்செலுக்கும், விடிய உங்களுக்கும் கதை வந்துவிட்டது. ரயிலும் இப்படி ஓடாது.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஆறரைக்குப் படியில் அவருடைய காலடி கேட்கும். உடம்பு தானாக எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கும். "அப்ப அதுவும் பொய்தானோ?" என்று கேட்டேன். வாத்தியாரம்மா குசினிக்குள் போய்த் தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு நின்றாள். படிப்பிக்கிறவளுக்கே மறுமொழி தெரியாத படிப்பு என்ன படிப்பு? நான் தமிழில் ஏச அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். நீங்கள் போன் எடுத்து, இந்தப் படிப்பை விடச் சொல்லுங்கள். பெரியப்பா சொன்னால் கேட்பாள். அந்தக் கதிரை சும்மா இருக்கட்டும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நல்லூரான் உங்கள் பிரசரைக் கூடாமலும் குறையாமலும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மகேந்திரராசா புஸ்பராணி

பிற்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை லக்சிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். "சே போன், மமோன்", சரியம்மா என்று பிளேட்டுகளைக் கழற்றிவிட்டு, கதிரையை மூலையில் தள்ளிவிட்டாள். புத்தகத்தையும் காணவில்லை. இன்றைக்கு நாலாம் நாள். நேற்று ஆறரைக்குக் காலடி கேட்டது, நான் எழும்பாமல் சுவரைப் பார்த்தேன், சுவரில் ஒன்றும் இல்லை. சிசிலியா அக்கா வந்து பாடத்தைக் குழப்பினபடியால் அந்தப் பிளேன் இன்னும் இறங்கவில்லை, பெரியத்தான். பிளேனிலுள்ள எண்ணெய் எவ்வளவு நேரத்துக்குக் காணும் என்று அவளிடம் கேட்டேன். மிச்சம் முக்கால் மணித்தியாலம் என்றாள். ஆனபடியால் மேலே எழுதினதை விட்டுவிட்டு, உடனே போன் எடுத்து, மணிக்கூடுகளைத் திரும்பவும் ஒட்டச் சொல்லி அவளுக்கு நல்லாய் ஏசுங்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாயிருந்தால் மன்னிக்கவும்.