பிணத்தின் வசூல்

நாடகம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது அரங்க மேலாளர் ஒப்பனை அறைக்குள் நுழைந்து, மூலையில் இருந்த பித்தளைத் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

"ஐயா, அது என் தட்டு," என்றார் பிணம்.

"இனிமே அரங்கத்துக்குள்ள ரொக்கம் புழங்கக் கூடாது. டிக்கெட்டு, டீ, வண்டி ஸ்டாண்டு, எல்லாமே கைப்பேசிலதான். உங்க தட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

மேலாளர் தட்டோடு போய்விட்டார்.

பிணம் என்பது அவருடைய வேடம். வருடக்கணக்காக அதே வேடத்தில் படுத்துப் படுத்துப் பெயர் மறைந்து வேடமே நிலைத்துவிட்டது. குழுவில் எல்லோருக்கும் அவர் 'பிணம் அண்ணே'தான். இரண்டாம் அங்கத்தில் ஓர் ஏழை செத்துப்போவான். அடக்கம் செய்ய வழியில்லாமல் அவன் மனைவி தட்டை ஏந்தி சபையைப் பார்த்து அழுவாள். மனம் இளகியவர்கள் எழுந்து வந்து தட்டில் காசு போடுவார்கள். தட்டில் விழுவது பிணத்துக்கு என்பது குழு தொடங்கிய நாள் முதல் இருக்கும் ஏற்பாடு. அதைத் தவிர அவருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. வசனமும் இல்லை.

அழும் மனைவியாக நடிப்பவள் அவருடைய சொந்த மனைவியேதான். வீட்டில் அவர் காய்ச்சலில் கிடந்தால்கூட "நடிச்சது போதும், எழுந்திருங்க" என்பவள், மேடையில் அவருக்காக விடும் கண்ணீரைப் பார்த்தால் கல்லும் கரையும்.

நாடகக் குழு முதலாளி மீசையை ஒட்டிக்கொண்டே சொன்னார். "தட்டு போனா போகட்டும், விடுய்யா. நானே யோசிச்சுட்டுதான் இருந்தேன். நாளைலேர்ந்து ரெண்டு தலையணைய வெச்சுப் போர்வையப் போட்டு மூடிடலாம்."

"எதை?"

"உன்னைத்தான். நீ என்ன பண்ற? படுக்கற. அதையேதான் தலையணையும் பண்ணப் போகுது. வண்டியில இடம் அடைக்காது, சாப்பாடும் கேக்காது."

பிணத்துக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. முகத்தில் பூசிய வெள்ளை மாவையும் மீறிக் காதுகள் சிவந்தன.

"முதலாளி, இன்னைக்கு ஒரு நாள் பாருங்க. சபை எனக்குப் பணம் போடலைன்னா நாளைக்குத் தலையணையே நடிக்கட்டும். நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன். ஆனா போட்டாங்கன்னா, எனக்கு வசனம் வேணும். ஒரு வரியாவது வேணும்."

"பிணத்துக்கு ஏதுய்யா வசனம்?"

"அது உங்க பாடு."

"தட்டே இல்லாம எங்கய்யா போடுவாங்க?" என்று முதலாளி சிரித்தார்.

அதற்கும் பிணத்திடம் வழி இருந்தது. வண்டி ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த அக்கா முன்யோசனைக்காரி. சட்டம் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே, பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் பெட்டி ஒன்றைத் தனக்கு வாங்கியதோடு, பிணத்தையும் ஒன்று வாங்க வைத்திருந்தார். பெட்டியோடு கட்டம் கட்டமாக அச்சடித்த பெரிய அட்டையும் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பேசியை அட்டைக்கு நேரே காட்டினால் பணம் போய்ச் சேரும். சேரும் இடம் பிணத்தின் மகளுடைய கணக்கு. அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகையால் பணம் வந்ததா இல்லையா என்று பெட்டி சொன்னால்தான் பிணத்துக்குத் தெரியும்.

"அட்டைய மட்டும் மேடையில வை. அந்த வாயாடிப் பெட்டி எதுக்கு?" என்றார் முதலாளி.

"பெட்டி இல்லாம ராத்திரி நீங்க 'ஒண்ணும் வரல'ன்னு சொல்லிட்டா? சபை சொல்றத நீங்களும் காதால கேக்கணும்."

ஸ்டாண்டு அக்காவின் பெட்டியும் ஒப்பனை அறையில் அதன் பக்கத்திலேயேதான் இருந்தது. ஸ்டாண்டில் மின்சாரம் கிடையாது. "நமக்குக் கூட்டம் கிளம்பும்போதுதான் வேலை, அதுவரைக்கும் இங்க சார்ஜ் ஏறட்டும் அண்ணே," என்று சாயங்காலமே செருகிவிட்டுப் போயிருந்தார். முதல் மணி அடித்தது. பிணம் அவசர அவசரமாக ஒரு பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

இரண்டாம் அங்கம். கட்டிலில் பிணம் படுத்திருந்தது. காலடியில் அட்டை, தலையணைக்கடியில் பெட்டி. கண்ணை மூடுவதில் அவர் படு கறார். கொசு கடித்தாலும் திறந்ததில்லை. மற்ற நடிகர்களுக்கும் விளக்கு வெளிச்சத்தில் முன்வரிசைக்கு அப்பால் எதுவும் தெரியாது. முன்வரிசையில் முதலாளியின் சொந்தக்காரர்கள் வழக்கம்போல ஓசியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மனைவி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ, இந்த மனுஷனைத் தூக்கிப் போடக்கூட என்கிட்ட ஒத்தக் காசு இல்லையே."

"பத்து பெறப்பட்டது. நன்றி," என்றது பெட்டி.

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. மனைவி ஒரு கணம் திணறினாள். ஆனால் எத்தனையோ மேடை பார்த்தவள், சமாளித்துக்கொண்டாள்.

"நாதியத்துக் கிடக்கறீங்களே. உங்களுக்குன்னு யாருமே இல்லையே."

"இருபது பெறப்பட்டது. நன்றி."

பிணத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பத்து போடுபவன் ஏழை ரசிகன், இருபது போடுபவன் வசதியான ரசிகன் என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டார். தலையணை படுத்திருந்தால் எவன் போடுவான்?

மனைவி கதறியபடி அவர் மேல் விழுந்து, காதருகே பல்லைக் கடித்தாள். "அந்தச் சனியனோட வாய அடக்குங்க."

"செத்தவன் எப்படிடி அடக்குவான்?" என்றார் பிணம், உதடு அசையாமல்.

அவளே தலையணையை உருவிப் பெட்டியை அதற்குள் திணித்து அமுக்கினாள். பிணத்தின் தலை கட்டிலில் மடாரென்று மோதியது. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அமுக்கியதில் பெட்டியின் குரல் அடங்கவில்லை, கனத்துவிட்டது. "பத்து பெறப்பட்டது" என்று கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அண்டை வீட்டுக்காரராக வந்த நடிகர் உதவி செய்வதாக நினைத்துப் பெட்டியை எடுத்துப் பிணத்தின் சட்டைக்குள் போட்டார். பெட்டியில் பச்சை விளக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் போர்வைக்கடியில் பிணத்தின் நெஞ்சு பச்சையாக மின்னி, "நன்றி" சொல்லி அணைந்தது.

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தம் பிணத்தின் காதில் விழுந்தது. இருக்கை நுனிக்கு வந்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார். சத்தம் வர வர வசூல் கூடியது. பத்து. பத்து. இருபது. பத்து. மனைவி ஒரு வரி அழுது முடிப்பதற்குள் பெட்டி இரண்டு வரி பேசியது. இத்தனை வருடத்தில் தட்டு இப்படி நிறைந்ததே இல்லை. காலணா எறிந்துவிட்டுப் போன காலமெல்லாம் போய்விட்டது, கடைசியில் ரசிக்கத் தெரிந்த சபை வாய்த்துவிட்டது என்று அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணை மூடியபடியே வைத்துக்கொண்டார்.

திரைமறைவிலிருந்து முதலாளி சீறினார். "தூக்குங்கய்யா அவனை. நாடகமே நாறுது."

தூக்குவதற்கான நால்வரும் முன்கூட்டியே மேடைக்கு வந்தார்கள். பிணம் விடவில்லை. இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டது. நால்வரும் தலைப்பக்கம் இழுத்தார்கள், கட்டிலும் கூடவே வந்தது. கால்பக்கம் இழுத்தார்கள், வேட்டிதான் வந்தது.

"அண்ணே, விடுங்கண்ணே," என்று ஒருவர் கெஞ்சினார்.

"மாட்டேன். வசூல் நடக்குது."

"முதலாளி திட்டறாரு."

"திட்டட்டும். நாளைக்கு அவரே தலையணையத் தூக்கட்டும்."

"முப்பது பெறப்பட்டது," என்றது நெஞ்சு. குடும்பமாக வந்தவர்கள் சேர்த்துப் போடுகிறார்கள்போல என்று பிணம் நினைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் அவரால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. இத்தனை வருடம் தொண்டைக்குள் கிடந்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது. கண்ணைத் திறக்காமலேயே எழுந்து உட்கார்ந்தார். மனைவி நிஜமாகவே அலறினாள்.

"மகாஜனங்களே," என்றார் பிணம். "நாளைக்கு என் இடத்துல தலையணைய வெக்கப்போறாங்களாம். தலையணைக்குப் படுக்கத் தெரியும். சாகத் தெரியுமா? மூச்சை அடக்கத் தெரியுமா? பொண்டாட்டி கண்ணீர் காதுக்குள்ள போகும்போது அசையாம இருக்கத் தெரியுமா? எனக்குத் தெரியும். என்னை இனிமே யாரும் தூக்க முடியாது."

பிறகு பெட்டி மூச்சு விடாமல் பொழிந்தது. பத்து, பத்து, இருபது, பத்து, இருபது, இருபது. ஒரு 'நன்றி' முடிவதற்குள் அடுத்த 'பெறப்பட்டது' முந்திக்கொண்டு வந்தது. அவர் நெஞ்சு பச்சையாக விட்டு விட்டு எரிந்தது. பிணம் கைகூப்பினார். முன்வரிசை கைதட்டியது. யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் முதலாளி வந்தபோது அவருடைய மீசையில் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. திட்டத்தான் வந்தார். அதற்குள் பெட்டி இன்னும் இரண்டு தடவை பேசியது. முதலாளியின் முகம் மாறியது. நாடகம் நாசமானது தெரியும். ஆனால் காசு வரும் சத்தத்தை அவமதித்து அவருக்குப் பழக்கமில்லை.

"இவ்வளவு போட்டாங்களா?"

"காதால கேட்டீங்கல்ல? நான் ஒண்ணும் சொல்லல, சபை சொல்லுது," என்றார் பிணம். வேட்டி இல்லாமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றபோதும் அவர் நிமிர்ந்தே நின்றார். "தலையணைய எடுத்துட்டு வாங்க. அதுவும் படுக்கட்டும், யாருக்குப் போடறாங்கன்னு பாத்துடலாம்."

"கோவப்படாதய்யா. ஏதோ வாய் தவறி வந்துடுச்சு."

"வாய் தவறி வந்த வார்த்தைக்கு நான் பொறுப்பில்ல. எனக்கு வசனம் வேணும். ஒரு வரி இல்ல, ஒரு பக்கம் வேணும்."

"பிணத்துக்கு ஒரு பக்கமா?"

"சாகறதுக்கு முன்னால பேசறேன். செத்த பிறகும் கொஞ்சம் பேசறேன். இன்னைக்குப் பேசினதுக்கு எப்படிக் கொட்டுச்சுன்னு பாத்தீங்கல்ல."

முதலாளி தொங்கிய மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "சரி. எழுதித் தரேன். சம்பளமும் போட்டுத் தரேன்."

மனைவி கண்ணைத் துடைத்தபடி கணவனைப் பார்த்தாள். மேடைக்கு வெளியே அவருக்காக அவள் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. "எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க, நீங்க பேசினப்போ," என்றாள். பிணம் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். தலையணையைக் காலால் ஓர் ஓரமாகத் தள்ளினார்.

அப்போது ஒப்பனை அறைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஸ்டாண்டு அக்கா வியர்த்து விறுவிறுக்க வந்தார். கையில் ஒரு பெட்டி இருந்தது. பிணத்தின் சட்டைக்குள் பச்சையாக மின்னுவதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"பெட்டி மாறிடுச்சா அண்ணே, நானும் இது ரிப்பேர்னுல்ல நினைச்சேன், நீங்க எழுந்து பேச ஆரம்பிச்சதும் மிச்சம் இருந்த கூட்டமும் ஓடி வந்து பைக்குக்குப் பத்து, காருக்கு இருபதுன்னு கட்டி வண்டியெல்லாம் எடுத்துட்டுப் போயிடுச்சு, இது ஒரு தடவகூட வாயத் திறக்கல."