பன்னிரண்டாம் நம்பரில் இரண்டு பேர்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்குக் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வெளியே காட்ட முகம்தான் இல்லை. எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் மகள்தான். அவளிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், அவள் காதில் தானாக விழட்டும்.

வீட்டில் நெட்டில் மாட்டுகிற சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டாம். முன்பெல்லாம் மகன் அதைக் கையால் போடுவான், நான் மனசில் வைத்துக்கொள்வேன். "அப்பா, பிரிண்டருக்கு என்ன?" "பதினாலுடா." "டிவிக்கு?" "பன்னிரண்டு, அதுக்குள்ள மறந்துட்டியா?" நம்ம பிள்ளைகள் கல்யாணத்தில் உங்கள் செருப்பு எந்த மூலையில் கிடந்தது என்று இன்றைக்கும் சொல்கிற ஆள் நான், இது எம்மாத்திரம். போன மாசம் மெக்கானிக் ஒருத்தர் நெட்டுக்குப் புதுப் பெட்டி ஒன்றை மாட்டி, "இனிமே இதுவே பார்த்து ஆளுக்கொரு நம்பர் கொடுத்துடும், பெரியவரே, நீங்க ரெஸ்ட் எடுங்க"ன்னுட்டார். அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கல. ஒரு நாள் உங்க மக கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ கொடுத்துக்கிட்டிருந்தா, ஒரு வருஷமா காத்துக்கிடந்த வேலை. வெளியே டிவி படம் வராம சுத்திக்கிட்டே நின்னுச்சு. பெட்டிக்கு என்ன தெரியும்னு ரிமோட்டை எடுத்து பழைய பன்னிரண்டையே போட்டேன். அந்தப் பாழாப்போன பெட்டி பன்னிரண்டை உங்க மக கம்ப்யூட்டருக்குக் கொடுத்து வச்சிருக்கு. ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உக்காந்தா என்ன ஆகும்? கதவைத் திறந்துக்கிட்டு வந்தா, "லைன் போயிடுச்சு மாமா"ன்னு ஒரு வார்த்தைதான். மகன் மெக்கானிக்கை வரவழைச்சு நிக்கவச்சுத் திட்டினான். அவர், "ஒரே நம்பர் ரெண்டு இடத்துல நிக்குது சார், பெட்டி அப்படிக் கொடுக்காது"ன்னார். "அப்போ பேய் வந்து போட்டுச்சா?"ன்னான் இவன். பேய் ரிமோட்டு மேலேயே உக்காந்திருந்துச்சு, வாயைத் திறக்கல.

ஞாபகம் தப்பியிருந்தா வயசாச்சுன்னு விட்டுடலாம். தப்பாத ஞாபகம் இப்படிப் பண்ணிடுச்சே. அன்னையிலிருந்து வீட்டுப் பாத்திரமெல்லாம் நான்தான் கழுவுறேன். மனசு ஆறல.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நூறு வயசு இருக்கவேண்டும், இதை மட்டும் மறந்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த சம்பந்தி

பி.கு.: அப்பா, இது நான். மேலே உள்ளது வரைக்கும்தான் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். லைன் போகவில்லை. மூன்றாவது கேள்விக்கே பதில் தெரியாமல் வயரை நானே பிடுங்கினேன். அதற்கப்புறம்தான் வெளியே டிவி சத்தம் கேட்டது, மாமா பன்னிரண்டைப் போட்டதே அப்போதுதான். மெக்கானிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாமாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நீங்களே பதிலில் எழுதிவிடுங்கள். எப்படியும் நான்தானே அவருக்குப் படித்துக் காட்டவேண்டும், அவர் காதில் தானாக விழட்டும்.