கண்காட்சியில் உன் அக்கா பார்த்த முட்டி

அன்புள்ள மாப்பிள்ளை மோகனராஜுக்கு, ஜெலுத்தோங் பிளாட்டிலிருந்து மச்சான் அய்யாக்கண்ணு எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், என்னைத் தவிர. புக்கிட் மெர்தாஜாமில் நீயும் பிள்ளைகளும் அம்மன் அருளால் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொல்லலாமென்றால் உன் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே இக்கடிதம்.

உன் அக்கா வடிவம்மாளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இரும்பு வைத்து மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், நான் வேண்டாமென்று தள்ளிப்போட்டு வருவதும் நீ அறிந்ததே. போன ஞாயிறு எங்கள் மகள் மோகனா, ஜார்ஜ்டவுனில் மனித உடல் கண்காட்சி நடக்கிறது, ஏசி போட்ட இடம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரையும் காரில் ஏற்றினாள். மெழுகுப் பொம்மைன்னுதான் நெனச்சேன் மாப்ள. உள்ளே போனா, தோலே இல்லாத ஒரு ஆள் பந்தை உதைச்சிக்கிட்டு நிக்கிறான். நெஜ ஆள். செத்தப்புறம் எடுத்துக்கங்கன்னு அவரே உடம்பைக் குடுத்துட்டுப் போனாராம், கெடாம இருக்க மருந்து ஏத்தியிருக்காங்களாம். மோகனா சொல்லி முடிக்கல, எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பிறை தொழிற்பேட்டையில அத்தனை வருஷம் லாரி ஓட்டினவன், மூலையில கெடந்த நாற்காலியில போய் விழுந்தேன். அசையாம, வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கேன், ஒரு டீச்சர் பள்ளிப் பிள்ளைங்களைக் கொண்டாந்து என் முன்னாடி நிறுத்திட்டாங்க. இவருக்கு மட்டும் ஏன் சட்டை போட்டிருக்காங்கன்னு ஒரு பிள்ளை மலாய்ல கேட்டுச்சு. நான் ஜெலுத்தோங்லேருந்து வந்திருக்கேன்னு மரியாதையாத்தான் பதில் சொன்னேன். அப்புறம் அந்த டீச்சருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டியதாப் போச்சு.

உன் அக்கா பாசாருக்கு மீன் வாங்க வந்த மாதிரி நொண்டிக்கிட்டே ஒவ்வொரு ஆளையும் நின்னு பார்க்கிறா. கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போறா. ஏன்னு மோகனா கேட்டதுக்கு, யார் வீட்டு மனுஷரோ, நமக்குக் காட்டறதுக்குன்னு நிக்கிறாருன்னாளாம். அப்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால நின்னவ நகரவே இல்ல. உள்ளே ஒரு முட்டி, இரும்பு வெச்சு மாத்தினது. சுத்திச் சுத்திப் பார்த்துட்டு என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா.

“பாத்துட்டேங்க. கதவுக் கீல் மாதிரிதான் இருக்கு. நான் செஞ்சுக்கப் போறேன்.”

அந்த மயக்கத்துலயும் நான் விடல. வயசு, சர்க்கரை, ரத்தம்னு எல்லாம் எடுத்துச் சொன்னேன்.

“பயம் உங்களுக்குத்தான், எனக்கு இல்ல,” அப்படின்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆபரேஷனுக்கு உள்ளே போனவ திரும்பி வராமப் போயிட்டா நான் என்ன பண்றது மாப்ள, இதை நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?

ஆகையால் இக்கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, தம்பி என்ற உரிமையில் அக்காவிடம் பேசி இந்த ஆபரேஷனைத் தடுத்து நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். நீ சொன்னால் கேட்பாள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மச்சான்
அய்யாக்கண்ணு

பி.கு.: உறையை ஒட்டப் போறப்ப உன் அக்கா தேத்தண்ணி கொண்டாந்தா. முட்டி சரியானா நீ மொதல்ல என்ன செய்வேன்னு சும்மா கேட்டு வெச்சேன். “தண்ணிமலை முருகன் கோயில் படி ஏறணும். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நீங்க மேல போறீங்க, நான் கீழ நின்னு செருப்புக்குக் காவல் இருக்கேன்,” அப்படின்னா. ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டுட்டேன், தேதி குடுத்துட்டாங்க. நீ அவசியம் வா, தடுக்க இல்ல. அவளை உள்ளே தள்ளிக்கிட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்லா.